கேட்டு எழுதிய வைத்தியர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளை ஒட்டி இறக்காமத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





நூற்றாண்டு மேடையில் பேசக் கிடைத்தால் பாடசாலையின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதை எனக்கு முன்னே பேசியவர்கள் அழகாகப் பேசிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு மனநல வைத்தியரின் வாழ்க்கை. மறுபிறப்பு உண்டா, மரணத்துக்குப் பின் ஏதும் மிஞ்சுமா என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகத் தேடித் திரிந்தவர் அவர். நமது இலங்கைக்கும் திரும்பத் திரும்ப வந்தவர். பெயர் இயன் ஸ்டீவன்சன்.

தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். மறுபிறப்பு நமது ஈமானில் இல்லாத ஒன்று. மரணத்துக்குப் பின் பர்ஸக், அதன் பின் மறுமை என்பதே நமது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அசைக்க நான் இங்கே வரவில்லை. அந்த வைத்தியர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைவிட எப்படி நடந்து போனார் என்பதில்தான் நமக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு, ஒரு பாடம் இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கதை.

ஸ்டீவன்சன் 1918 ஒக்டோபர் 31இல் கனடாவின் மொன்றியல் நகரில் பிறந்தார். தகப்பனார் ஸ்கொட்லாந்துக்காரர், லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கனடாவிலிருந்து எழுதியவர். பிள்ளைக்குச் சிறுவயதிலேயே சுவாசக்குழாய் நோய். மற்றப் பிள்ளைகள் வெளியில் விளையாடும்போது இவர் படுக்கையில் கிடப்பார். அந்தப் படுக்கையில் அவருக்குத் துணையாக இருந்தவை உம்மாவின் புத்தகங்கள். அவரது தாயாருக்குப் பிரம்மஞானம் எனப்படும் தியோசொபியில் பெரிய ஈடுபாடு. கிழக்கு நாடுகளின் மதங்களைப் பற்றிய நூல்கள் வீட்டில் நிறைய இருந்தன. நோயாளிப் பிள்ளை அவற்றை வாசித்து வளர்ந்தது. பிற்காலத்தில் அவரே தமது தேடலின் வேரை அந்த நூல்களில்தான் காட்டினார்.

இந்தத் தியோசொபி நமது நாட்டுக்குப் புதியதன்று. 1875இல் நியூயோர்க்கில் பிளவாட்ஸ்கி அம்மையாரும் கேணல் ஒல்கொட்டும் பிறரும் சேர்ந்து பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள். எல்லா மதங்களின் அடியிலும் ஒரே ஞானம் ஓடுகிறது, மனிதனுக்குள் இன்னும் அறியப்படாத சக்திகள் இருக்கின்றன என்பது அவர்கள் கொள்கை. 1880 மே மாதம் அவர்கள் இருவரும் காலியில் வந்து இறங்கினார்கள். 1882இல் சபையின் தலைமையகம் சென்னை அடையாற்றுக்கு மாறியது. கொழும்பில் ஆனந்தா கல்லூரியும் பெண்களுக்கான மியூசியஸ் கல்லூரியும் அந்த இயக்கத்தின் வழியாக எழுந்தவை. அதே 1882இல்தான் நமது சித்திலெவ்வை அவர்கள் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று விழித்துக்கொண்ட காலம் அது.

இன்னொன்றும் அந்த 1882இல் நடந்தது. லண்டனில் ஒரு சங்கம் அமைந்தது. ஆவி, தூரத்தில் நடப்பதை உணர்தல், இறந்தவர் தோற்றம் முதலியவற்றை நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், சோதித்துப் பார்ப்போம் என்று படித்தவர்கள் சேர்ந்து அமைத்த சங்கம். இந்த வேலையைத்தான் ‘சைக்கிக் ரிசேர்ச்’ என்றார்கள். அடையாற்றில் பிளவாட்ஸ்கி அம்மையாருக்கு மகாத்மாக்களிடமிருந்து அற்புதமாகக் கடிதங்கள் வருகின்றன என்ற பேச்சு பரவியபோது, அந்தச் சங்கம் ரிச்சர்ட் ஹொட்ஜ்சன் என்ற இளைஞரை 1884 கடைசியில் சென்னைக்கு அனுப்பியது. அவர் வீட்டையும் கடிதங்களையும் கையெழுத்தையும் பார்த்து, விசாரித்து, இவை மனிதரின் வேலைதான் என்று முடிவு சொன்னார். 1885இல் அந்த அறிக்கை வெளிவந்தது. அம்மையாரின் அன்பர்கள் அதை ஒருபோதும் ஏற்கவில்லை.

இந்தச் சம்பவத்தை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்டீவன்சனின் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவே ஓடியது. நம்ப வேண்டும் என்ற ஆசை உம்மாவின் அலுமாரியிலிருந்து வந்தது. நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும் என்ற பழக்கத்தை வைத்தியப் படிப்பு கொடுத்தது.

படிப்பில் அவர் கெட்டிக்காரர். முதலில் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார். யுத்தம் தொடங்கியதும் கனடாவுக்குத் திரும்பி, மக்கில் பல்கலைக்கழகத்தில் 1943இல் வைத்தியப் பட்டம் பெற்றார். மனக்கவலை உடலை எப்படி நோயாக்குகிறது என்பதில் ஆராய்ச்சி செய்தார். பிராய்டின் உளப்பகுப்பாய்வையும் முறையாகக் கற்றார். கற்றபின், மனிதனின் குணம் முழுவதும் சிறுபிராய அனுபவத்தால்தான் அமைகிறதா என்று கேள்வி எழுப்பி 1957இல் கட்டுரை எழுதினார். அக்காலத்தில் அது துணிச்சலான கேள்வி. அதே ஆண்டில், நாற்பது வயது நிறையும் முன்னரே, அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவத் துறையின் தலைவரானார். நல்ல பதவி, நல்ல பெயர். அப்படியே இருந்து ஓய்வு பெற்றிருக்கலாம்.

அவர் அப்படி இருக்கவில்லை. நூல்களிலும் பத்திரிகைகளிலும் சிதறிக் கிடந்த, முற்பிறவி நினைவு சொல்லும் 44 பேருடைய செய்திகளைத் திரட்டி ஒரு கட்டுரை எழுதினார். 1960இல் அது வெளிவந்தது. அதை வாசித்த எய்லீன் கரெட் அம்மையார் பயணச் செலவு கொடுக்க முன்வந்தார். 1961இல் ஸ்டீவன்சன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் புறப்பட்டார். ஒருசில பிள்ளைகளைச் சந்திக்கலாம் என்று எண்ணித்தான் வந்தார். இந்தியாவில் மட்டும் சில வாரங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட சம்பவங்கள் கிடைத்தன. இலங்கையிலும் எதிர்பார்த்ததைவிடக் கூடவே கிடைத்தன.

அவருடைய வேலை முறையைக் கேளுங்கள். இரண்டு, மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒன்று, ‘எனக்கு வேறு உம்மா இருக்கிறா, என் வீடு அந்த ஊரில் இருக்கிறது’ என்று சொல்கிறது. ஸ்டீவன்சன் அந்த வீட்டுக்குப் போவார். பிள்ளை என்ன சொன்னது, எந்த வயதில் சொன்னது, யார் காதால் கேட்டார்கள் என்று ஒவ்வொரு வாக்கியமாக எழுதுவார். கேட்டவரிடம் நேரே கேட்பார். கேட்டவர் சொன்னதாக மூன்றாமவர் சொல்வதை வேறாகக் குறிப்பார். பிறகு பிள்ளை சொன்ன ஊருக்குப் போய், அப்படி இறந்த ஒருவர் இருந்தாரா என்று விசாரிப்பார். இரண்டு குடும்பங்களுக்கும் முன்னரே தொடர்பு உண்டா, நடுவில் வியாபாரியோ உறவினரோ போய் வந்தார்களா என்று பார்ப்பார். வைத்தியசாலைப் பதிவையும் மரண விசாரணை அறிக்கையையும் தேடுவார். சில ஆண்டுகள் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பி வந்து, அதே கேள்விகளை மீண்டும் கேட்பார். முதல் முறை சொன்னதும் இரண்டாம் முறை சொன்னதும் மாறியிருந்தால் அதையும் எழுதி வைப்பார்.

1966இல் அவருடைய முதற் பெரிய நூல் வந்தது. 20 சம்பவங்கள். இந்தியாவிலிருந்து 7, அலாஸ்காப் பழங்குடியினரிடமிருந்து 7, இலங்கையிலிருந்து 3, பிரேசிலிலிருந்து 2, லெபனானிலிருந்து 1. அந்த நூலுக்கு அவர் வைத்த பெயரில் மறுபிறப்பை நிரூபிக்கும் சம்பவங்கள் என்று இல்லை. மறுபிறப்பை எண்ணத் தூண்டும் சம்பவங்கள் என்றுதான் இருந்தது. எந்த ஒரு சம்பவமும் மறுக்க முடியாத நிரூபணம் என்று அவர் சொன்னதில்லை. பின்னர் இலங்கைச் சம்பவங்கள் பத்தை மட்டும் தனி நூலாக 1970களில் வெளியிட்டார்.

ஸெரொக்ஸ் பிரதி எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்து வந்தார். 1968இல் அவர் காலமானபோது இதற்கென்றே பத்து இலட்சம் டொலரைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். ஸ்டீவன்சன் துறைத் தலைவர் பதவியை 1967இலேயே விட்டுவிட்டார். மீதி வாழ்நாள் முழுவதும் இதே வேலை. ஏறத்தாழ 2,500க்கு மேற்பட்ட சம்பவங்களைச் சேகரித்தார்.

இனி அவரை மறுத்தவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை அரைக் கதையாகிவிடும்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த சி. டி. கே. சாரி இந்தத் துறையை நன்கு கற்றவர். ஸ்டீவன்சனுக்கு உள்ளூர் வாழ்க்கை போதிய அளவு தெரியாது என்றார் அவர். மறுபிறப்பை நம்பும் சமூகத்தில் பிள்ளை எதைச் சொன்னாலும் பெரியவர்கள் அதை மறுபிறப்புக் கதையாகவே கேட்பார்கள், மேல்நாட்டுப் பிள்ளைக்குக் கற்பனைத் தோழன் இருப்பதுபோல இங்குள்ள பிள்ளைக்கு முற்பிறவி இருக்கிறது என்று வாதிட்டார். இது வலுவான வாதம். சிங்களமும் தமிழும் தெரியாத ஸ்டீவன்சன் மொழிபெயர்ப்பாளரை நம்பித்தான் வேலை செய்தார். பெரும்பாலான சம்பவங்களில் இரண்டு குடும்பங்களும் சந்தித்துப் பேசி முடிந்த பின்னரே அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குள் யார் முதலில் எதைச் சொன்னார் என்பது குழம்பியிருக்கும். சரிபார்க்கும் முன்னரே பிள்ளையின் சொல் எழுத்தில் பதியப்பட்ட சம்பவங்கள் மிகச் சிலவே. அந்தக் குறை ஸ்டீவன்சனுக்கும் தெரியும். கண்டியைச் சேர்ந்த கொட்வின் சமரரத்னவுடன் சேர்ந்து, அப்படி முன்கூட்டியே எழுதப்பட்ட மூன்று இலங்கைச் சம்பவங்களைத் தேடிப் பிடித்து 1988இல் வெளியிட்டார்.

கொழும்பில் இருந்த டொக்டர் ஆபிரகாம் கோவூரை இங்குள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி முதலிய இடங்களில் படிப்பித்த பகுத்தறிவாளர். அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். கல் விழும் வீடு, தானாகத் தீப்பிடிக்கும் வீடு என்று அவரை அழைப்பார்கள். அவர் பேயைத் தேடமாட்டார். அந்த வீட்டில் யார் மனம் வருந்திக் கிடக்கிறார் என்று தேடுவார். கோவூர் ஒன்றையும் நம்பாதவர். ஸ்டீவன்சன் நம்ப ஆசைப்பட்டவர். ஆனாலும் இருவரும் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்: வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்காத ஒரு பிள்ளையின் முன்னால்.

இந்த வேலையைப் பின்தொடர்ந்தவர்களில் ஒரு பெண்ணின் பெயரை நமது மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றிய உளவியலாளர் சத்வந்த் பஸ்ரிச்சா. வட இந்தியக் கிராமங்களுக்குப் போய், அங்குள்ள தாய்மாருடன் அவர்களின் மொழியிலேயே பேசினார். ஐஸ்லாந்து நாட்டின் எர்லெண்டுர் ஹரால்ட்சன் 1980களின் இறுதியிலிருந்து இலங்கைக்கு வந்து, இப்படிப் பேசும் பிள்ளைகளை அவர்கள் வயதொத்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார். இந்தப் பிள்ளைகள் படிப்பில் கெட்டிக்காரர். சொல்வளமும் ஞாபக சக்தியும் கூட. பிறர் சொல்வதற்கு இலகுவில் இழுபடுகிறவர்களும் அல்லர். ஆனால் வீட்டில் இவர்களைச் சமாளிப்பது கொஞ்சம் கஷ்டம் என்று பெற்றோர் சொன்னார்கள். முற்பிறவி உண்டோ இல்லையோ, இவர்கள் மூளை கெட்ட பிள்ளைகள் அல்லர் என்பது அதிலிருந்து தெரிந்தது.

இன்னொரு ஆய்வு என் மனதைத் தொட்டது. இந்தியாவில் பல பெற்றோர் இப்படிப் பேசும் பிள்ளையை அதட்டுவார்கள், அடிப்பார்கள், பேச்சை நிறுத்தச் சில சடங்குகளும் செய்வார்கள். இந்துக் குடும்பங்களே அப்படித்தான், பிள்ளைக்கு ஆயுள் குறையும் என்ற பயத்தில். அப்படித் தடுக்கப்பட்ட பிள்ளைகளையும் தடுக்கப்படாத பிள்ளைகளையும் ஸ்டீவன்சனும் இன்னொருவரும் ஒப்பிட்டு 1990இல் எழுதினார்கள். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே வயதில்தான் அந்தப் பேச்சை விட்டார்கள். அடித்ததால் ஒரு நன்மையும் இல்லை. அடி வாங்கியது மட்டும்தான் மிச்சம்.

ஸ்டீவன்சன் 2007 பெப்ரவரி 8இல் காலமானார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பூட்டு வாங்கி, தமக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லிலிருந்து எண்களை அமைத்துப் பூட்டி, அலுவலக அலுமாரியில் வைத்திருந்தார். மரணத்துக்குப் பின் தாம் இருந்தால் அந்தச் சொல்லை யாருக்காவது தெரிவிப்பதாகச் சொல்லியிருந்தார். பூட்டு இன்னும் திறக்கப்படவில்லை. தம்முடைய வாழ்நாள் எண்ணத்துக்கு எதிராகவே சாட்சி சொல்லக்கூடிய ஒரு பூட்டைத் தாமே வாங்கி வைத்த நேர்மையை நான் மதிக்கிறேன். ரூஹைப் பற்றி மனிதனுக்குத் தரப்பட்ட அறிவு கொஞ்சம்தான் என்று நம்புகிற நமக்கு, அந்தப் பூட்டு திறபடாதது ஆச்சரியமும் இல்லை.

சகோதரிகளே, இனி நமது ஊருக்கு வருகிறேன்.

நமது பிள்ளைகள் முற்பிறவி பேசுவதில்லை. ஆனால் வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். இரவில் நெஞ்சில் ஏறி ஏதோ அமுக்குகிறது, கையைக் காலை அசைக்க முடியவில்லை என்கிறாள் ஒருத்தி. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதில் கேட்கிறது என்கிறாள் இன்னொருத்தி. பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆன ஒருத்தி உறங்காமல் இருந்து, இது என் பிள்ளையே இல்லை என்கிறாள். ஒருத்தி வகுப்பில் வெறித்துப் பார்த்தபடி வாயைச் சப்புகிறாள், பிறகு அவளுக்கு அது நினைவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? ஒரு வீட்டில் உடனே ஜின் என்கிறோம். இன்னொரு வீட்டில் நடிப்பு, பரீட்சைக்குக் கள்ளம் என்கிறோம். இரண்டு வீட்டிலும் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டவர் இல்லை.

முதலாவது, உடல் உறங்கியிருக்க மூளை மட்டும் விழித்துக்கொள்ளும் நிலை. உறக்கம் குறைந்த பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும், ஆபத்தில்லாதது. இரண்டாவது, பதின்ம வயதின் கடைசியில் தொடங்கக்கூடிய மனநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். எவ்வளவு முந்தி மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மூன்றாவது, ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிலோ இரண்டிலோ வரும் கடுமையான நோய். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தாயின் உயிருக்கும் பிள்ளையின் உயிருக்கும் ஆபத்து. ஆனால் நன்றாகக் குணமாகக்கூடியது. நான்காவது, வலிப்பின் ஒரு வகை. அதற்கும் மருந்து உண்டு. இந்த நான்கையும் பிரித்தறிய வைத்தியருக்குத் தேவை அவள் வாயால் சொன்ன விபரம். அந்த விபரம் வீட்டில்தான் இருக்கிறது, பெரும்பாலும் உம்மாவிடமும் மூத்தம்மாவிடமும் டீச்சரிடமும்.

ஓதிப் பார்ப்பதை விடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். துஆ நமது பலம். ஆனால் துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று மார்க்கம் சொல்லவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அபூ ஸைத் அல்பல்கி என்ற முஸ்லிம் அறிஞர், உடலுக்கு நோய் வருவதுபோல உள்ளத்துக்கும் நோய் வரும், இரண்டுக்கும் பரிகாரம் தேட வேண்டும் என்று நூல் எழுதினார். அது நமது சொத்து.

இந்தக் கரையோரம் பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர்களைக் கடல் கொண்டுபோனது நமது அம்பாறை மாவட்டத்தில். அதற்குப் பிறகு கடல் இரைச்சல் கேட்டு நடுங்கியவர்களும், இறந்த பிள்ளையின் குரலைக் கேட்டவர்களும் எத்தனை பேர். 2011 ஆகஸ்டில் மர்ம மனிதன் என்ற பீதி வந்தபோது, ஒரு பக்கம் ஊரே பொல்லோடு வெளியில் நின்றது. மறுபக்கம் எல்லாம் வதந்தி என்று சொல்லப்பட்டது. நடுவில் நின்று, நான் கண்டேன் என்று சொன்ன பெண் என்ன கண்டாள், எந்த நேரம், எவ்வளவு வெளிச்சம் என்று பொறுமையாகக் கேட்டிருந்தால், உண்மையும் தெரிந்திருக்கும், அவள் மனமும் ஆறியிருக்கும்.

ஆகவே இந்தச் சங்கத்திடம் ஒரு சிறிய வேண்டுகோள். கட்டடம் கட்டுவதோடும் பரிசளிப்போடும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால், அவளை அதட்டாமல், அவளுக்குச் சொல் எடுத்துக் கொடுக்காமல், அவள் சொன்னபடியே ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்தத் திகதி, எந்த நேரம், முதல்நாள் எவ்வளவு உறங்கினாள், சாப்பிட்டாளா, வீட்டிலோ வழியிலோ யாராவது அவளைத் தொந்தரவு செய்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியைத் தனியே வைத்துக் கேளுங்கள். பிறகு கொப்பியோடு வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். கல்முனைக்குப் போக ஆள்துணை இல்லாத உம்மாவுக்குத் துணை போங்கள். எந்த நேரமும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அவள் பெயரை ஊரில் பேசாதீர்கள். நாளைக்கு அவளுக்குக் கலியாணம் பேச வேண்டும், அவள் படிக்க வேண்டும்.

எங்கோ மொன்றியலில் நோயில் கிடந்த ஒரு பிள்ளை, தன் உம்மாவின் புத்தகத்தை வாசித்து வளர்ந்து, நமது நாட்டுக் கிராமங்களில் சின்னப் பிள்ளைகளின் முன்னால் கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்தது. அவருடைய முடிவை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொள்வோம். எழுதப் படிக்கத் தந்த இந்தப் பாடசாலைக்கு நாம் செய்யும் கைம்மாறுகளில் அதுவும் ஒன்றாகட்டும்.

எங்களுக்குக் கற்பித்து மறைந்த ஆசிரியைகளின் கப்றை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. இருப்பவர்களுக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தருவானாக.

வஸ்ஸலாம்.